கொப்புளத்தின் பூர்வீகம்

வாசகரே, 'யார் கொடுத்தது?' என்கிற இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குச் சளி பிடித்தால் இவர் மருந்து சொல்ல மாட்டார், ஆளைக் கேட்பார். காய்ச்சல் என்றால், போன வாரம் எந்தக் கல்யாண வீட்டில் சாப்பிட்டீர்கள், பக்கத்து இலையில் யார், அவர் தும்மினாரா என்று துருவித் துருவி விசாரித்து, நீங்கள் குணமாகி வேலைக்குப் போன பிறகும் வழக்கை மூடாமல் வைத்திருப்பார். தன் உடம்புக்கு வருவது மட்டும் வெறும் சூடு.

ஸ்ரீவில்லிபுத்தூர் மதார் சாகிப் இந்த இனத்தில் முதல் தரம். மகள் நாஜியாவின் நிக்காஹ் நெருங்குகிற நேரத்தில் அவள் உதட்டோரம் ஒரு கொப்புளம் வந்தது. மனிதர் உடனே நிச்சயதார்த்த ஆல்பத்தைப் புரட்டினார். ராஜபாளையத்து மாப்பிள்ளை அனஸ், தான் கடித்த பால்கோவாவின் மீதியைப் பெண்ணுக்கு ஊட்டும் படம் அகப்பட்டது. போட்டோகிராபர் சொல்லித்தான் ஊட்டினான், பாவம். ஆனாலும் சாட்சியம் சாட்சியம்தானே?

"அந்தப் பய ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பாக்காம நிக்காஹ் கிடையாது."

நாஜியா அழுதாள். அனஸ் அசரவில்லை.

"தாரேன் மாமா. நீங்களும் தாங்க."

"எனக்கென்ன பயம்?" என்று மதார் சாகிப் சட்டைக் கையை மடித்தார். மகளும் கொடுத்தாள்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா விளக்கினார். "இந்த ஹெர்பீஸ் கிருமியில ரெண்டு வகை. நாஜியாவுக்கு இருக்கது முதல் வகை, பெரும்பாலும் உதட்டுல வாரது, ஊர்ல பாதிப் பேருக்கு மேல இருக்கும். அப்பாவுக்கும் அதேதான். ரெண்டாவது வகை யாருக்கும் இல்ல. மாப்பிள்ளைக்கு எதுவுமே இல்ல."

மதார் சாகிப் விடுவாரா? "அப்ப எம் புள்ளைக்கு யாரு கொடுத்தது?"

"ரத்தத்துல இருக்க எதிர்ப்புப் பொருள் எந்த வகைன்னுதான் சொல்லும். யாருன்னு சொல்லாது."

"நான் சொல்லுதேன்," என்றார் மனைவி நூர்னிசா. "கோடைக்குக் கோடை சூட்டுக் கொப்புளம்னு உதட்டுல வச்சுக்கிட்டு, கைப்புள்ளையா இருந்த இவள முத்தங் கொஞ்சுனது யாரு? கொஞ்சாதிய, கொஞ்சாதியன்னு எம்புட்டுச் சொன்னேன்."

மதார் சாகிப் வழக்கை அங்கேயே மூடினார். நிக்காஹ் நடப்பது இனி மாப்பிள்ளை வாயில் வரும் சொல்லில் இருந்தது. மெல்ல அவனைப் பார்த்தார்.

"நிக்காஹுக்குப் பொறவு எனக்கு வந்தா, யாரு கொடுத்ததுன்னு நான் கேக்க மாட்டேன் மாமா," என்றான் அனஸ். நாஜியா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சரி, படித்து வரும்போதே, 'இது நம்ம இன்னாரைப் பார்த்து எழுதினதுதான்' என்று மனதில் ஒரு பெயர் வந்ததா இல்லையா? ஆளைத் தேடிவிட்டீர்களே! எதற்கும் உதட்டோரம் தொட்டுப் பாருங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் பயப்படாதீர்கள், உங்களுக்கு அது வெறும் சூடாகத்தான் இருக்கும்.