போண்டா கணக்கில் வடை

மலேசியாவில் எங்கள் கிள்ளான் ஊர் முழுவதும் தேடினாலும் டர்போ அண்ணனைப் போல உட்காரத் தெரியாத மனிதர் கிடைக்கமாட்டார். லோரி ஓட்டுகிறவர். அந்த ஒரு வேலைக்கு மட்டும்தான் உட்கார்வார். என் டயர் கடைக்கு வந்தால் நடந்துகொண்டேதான் டீ குடிப்பார். பாதி டீ டயருக்குப் போகும்.

அவருக்கு ஒரு நாய். பேர் போண்டா. சைஸும் ஏறக்குறைய அதுதான். அவர் தின்னும் ஆட்டுக் கொழுப்பில் அதற்கும் பங்கு உண்டு. ஒரு நாள் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தது. கணையம் வீங்கிவிட்டது என்றார் நாய் டாக்டர். சில நாள் அங்கேயே வைத்து மருந்து ஏற்றி அனுப்பினார். தோல் இல்லாத அவித்த கோழி, குழைந்த சோறு, அவ்வளவுதான். இன்னொரு தடவை எண்ணெய் உள்ளே போனால் பிழைப்பது கஷ்டம் என்றார்.

அண்ணன் லோரிக்கு லீவு போட்டார். சாரோங் கைலியில் தொட்டில் கட்டி நாயை மார்பில் தொங்கவிட்டார். என் கடை முன்னால் அங்குமிங்கும் நடந்தார். யாராவது பிஸ்கட்டோடு கிட்டே வந்தால் உறுமினார். நாய் உறுமவில்லை, அவர்தான்.

தேய்பிறை அஷ்டமி வந்தது. பக்கத்துக் கோயிலில் பைரவரைக் கும்பிட்டு வருகிறவர்கள் நாய்க்கு வடை போடுவார்கள். அன்று பார்த்துத் தெருவில் வேறு நாய் இல்லை.

"தம்பி, நாய கொஞ்சம் இறக்கி விடுப்பா. மக கல்யாணத்துக்கு வேண்டியிருக்கேன்" என்றார் ஓர் ஆன்டி.

"எண்ணெ பட்டா செத்துரும் ஆன்டி."

"சாமி பிரசாதம் ஒன்னும் செய்யாது லா."

"டாக்டருக்கு அது தெரியலயே."

ஆன்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் கொஞ்சம் யோசித்தார். வாயைத் திறந்தார்.

"இதுல போடுங்க. போண்டா கணக்குல நான் திங்கிறேன்."

ஆன்டி போட்டார். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. ஓர் அங்கிள் மட்டும் வடையைக் கொடுக்காமல் சந்தேகமாகப் பார்த்தார்.

"குரைக்கவா அங்கிள்?" என்று கேட்டுவிட்டு அண்ணன் குரைத்தார். அங்கிள் திருப்தியாகப் போட்டார்.

வயிறு முட்டியதும் அண்ணன் வடைகளைக் கையில் வாங்க ஆரம்பித்தார். கை நழுவியது. வடை ஒன்று கீழே விழுந்தது. போண்டா தொட்டிலிலிருந்து பாய்ந்து கவ்வியது. அண்ணன் கடை முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் குப்புற விழுந்து அதன் வாய்க்குள் விரலை விட்டார். விரலில் ரத்தம். வடை வந்தது. முழுசாக வரவில்லை.

"உள்ள போச்சா? நீ பாத்தியா?"

"தெரியலண்ணே."

"தெரியலன்னா எப்படிடா?"

கடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். போண்டாவின் வாயைத் திறந்து முகர்ந்தார். வயிற்றில் காது வைத்தார். நானும் ஒரே நட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கடைக்குப் பின்னால் வாந்தி எடுக்கும் சத்தம். ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடினேன். அண்ணன்தான். நாய் நின்று வேடிக்கை பார்த்தது.

மறுநாள் காலை அவர் என் பெஞ்சில் படுத்துக் கிடந்தார். அவர் படுத்து அன்றுதான் பார்த்தேன்.

"போண்டா சாப்டுச்சா?"

"தட்ட நக்கிக்கிட்டிருக்கு."

"அப்ப சரி" என்று கண்ணை மூடினார்.

அந்த வாரம் இரண்டு பேருக்கும் நான்தான் கோழி அவித்தேன். தோலை உரித்து, எண்ணெய் இல்லாமல். அண்ணன் பங்கில் மட்டும் கொஞ்சம் உப்பு போட்டேன்.