முட்டைக்கோஸும் சாய்வு நாற்காலியும்

அளவு நாடாவைச் சடக்கென்று சுருட்டிக்கொண்டு மைத்துனன் சொன்னான்: "அத்தான், கொஞ்சம் எழுந்திருங்க. ஃபிரிட்ஜ் சரியா நீங்க படுத்திருக்கிற இடத்துலதான் வருது."

கிடங்குக்காரர் எழுந்திருக்கவில்லை. ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் அவர் படுத்தால் பூகம்பம் வந்தாலும் முதலில் அனுமதி கேட்டுவிட்டுத்தான் ஆட்டும்.

"எந்த ஃபிரிட்ஜ்?" என்றார்.

"எங்க வீட்டுல சும்மா கிடக்குதே, ரெண்டு கதவு வச்ச பெரிய ஃபிரிட்ஜ். அக்காவுக்குத் தர்றேன். உங்க நாற்காலியை மொட்டை மாடியில போட்டுக்கலாம்."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "வாங்கற காயில பாதி அழுகிக் குப்பைக்குப் போகுது. இந்தக் குட்டி ஃபிரிட்ஜ்ல எதைன்னு வைக்கிறது?"

"வைக்கத் தெரியலைன்னு சொல்லு. இத்தனை வருஷமா குடோன் பார்க்கிறேன், ஒரு பெட்டி கெட்டிருக்கா?"

"குடோன்ல இருக்கிறது சோப்பு, அத்தான். சோப்பு எப்படிக் கெடும்?" என்றான் மைத்துனன்.

கிடங்குக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. காசு செலவில்லாமல், மண்ணும் ஈரத்துணியும் மூளையும் வைத்தே காயைக் காப்பாற்றிக் காட்டுவதாகச் சவால் விட்டார். மறுநாள் காலையிலேயே மைத்துனனின் லாரி வாசலில் நின்றது. மூட்டை மூட்டையாகக் காய் இறங்கியது.

"ஒரு வாரம். ஒரு இலைகூட வீணாகக் கூடாது. யாருக்கும் கொடுக்கவும் கூடாது. தோத்தா நாற்காலி மொட்டை மாடிக்கு" என்று சொல்லிவிட்டு மைத்துனன் போய்விட்டான்.

"எனக்கு வயிறு சரியில்லைங்க. இந்த வாரம் நான் ரொட்டியும் பாலும்தான்" என்று மனைவியும் ஒதுங்கிக்கொண்டாள்.

கிடங்குக்காரர் கலங்கவில்லை. கிடங்கு முறைப்படி முட்டைக்கோஸ்களைச் சமையலறை மூலையில் உத்தரம் வரை அடுக்கினார். சோப்புப் பெட்டிக்கு மூலைகள் உண்டு, முட்டைக்கோஸுக்கு இல்லை என்பது அடுக்கி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அடுக்கு சரிந்தது. அதில் ஒன்று கதவைத் தாண்டி, படிக்கட்டில் தடதடவென்று இறங்கி, கீழே இருந்த முடிதிருத்தும் கடைக்குள் புகுந்து, காலியாக இருந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைக்காரர் அதற்குத் துணியைப் போர்த்தி, தண்ணீரும் தெளித்த பிறகுதான் ஆளைப் பார்த்தாராம்.

மூச்சு வாங்க வாங்க ஓடிவந்த கிடங்குக்காரர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "என்ன சார், உங்க சொந்தக்காரரா?" என்று கேட்டபடி கடைக்காரரே அதை மேலே கொண்டுவந்து கொடுத்தார்.

அடிபட்ட கோஸ் அதிக நேரம் தாங்காது. வீசவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. அன்று இரவு கிடங்குக்காரர் முட்டைக்கோஸ் சூப் குடித்தார். போன மாதம் டாக்டர் கண்டித்தபோதுகூட, "காய்ங்கிறது தட்டுல அழகுக்கு வைக்கிறது டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்த மனிதர் அவர்.

அடுத்து கேரட். ஈர மணலில் புதைத்தால் கெடாது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார். பால்கனியில் ஒரு தொட்டி மணலில் புதைத்தார். மாலைக்குள் தெருப்பூனை வந்து பார்த்து, இது தனக்காகவே கட்டிய கழிப்பறை என்று முடிவு செய்தது. அதுமட்டுமல்ல, தன் சிநேகிதர்களுக்கும் சொல்லி அனுப்பியது. இரண்டாவது பூனை வருவதற்குள் கேரட்டைத் தோண்டி எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவினார். சோப்பு விஷயத்தில் அவருக்குக் குறையே இல்லை.

"ஃபிரிட்ஜ்ல வைக்கலாம்னா இடம் இல்லையே" என்றார்.

"இடம் எப்படி இருக்கும்? உங்க வறுத்த கோழியும் கேக்கும்தானே அடைச்சுட்டு இருக்கு" என்றாள் மனைவி. "கோழியைக் கொடுக்கக் கூடாதுன்னு தம்பி சொல்லலையே."

கிடங்குக்காரர் நாற்காலியைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கோழிப் பாத்திரத்தையும் கேக் பாத்திரத்தையும் கீழே வாசலில் இருக்கும் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார். அன்று முழுக்கக் காவலாளி கண்ணில் பட்ட எல்லோருக்கும் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார்.

கீரையை ஈரத்துணியில் சுற்ற வேண்டியிருந்தது. துணி போதாமல் தன் சட்டைகளையே நனைத்துச் சுற்றினார். மறுநாள் அதில் ஒன்றையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனபோது, மேலதிகாரி அவர் அருகில் வந்து ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு, "மழை வரும் போலிருக்கு" என்று சொல்லிப் போனார்.

தக்காளியையும் வெள்ளரிக்காயையும் வாழைப்பழத்தோடு சேர்த்துப் பீரோவில் வைத்துப் பூட்டியதுதான் பெரிய தப்பாகிவிட்டது. அவை ஒன்றையொன்று உசுப்பிவிட்டு ஒரே ராத்திரியில் பழுத்து நின்றன. பீரோவைத் திறந்தபோது தக்காளிகள் அத்தனையும் வெட்கப்பட்டதுபோல் சிவந்திருந்தன.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

"குடோன்ல ஒரு சட்டம் உண்டு. முதல்ல வந்தது முதல்ல போகணும்."

"எங்க போகணும்?"

கிடங்குக்காரர் தன் வயிற்றைக் காட்டினார். பூனை வராத, பூட்டத் தேவையில்லாத கிடங்கு அது ஒன்றுதான் மிச்சம்.

சட்டம் என்றால் சட்டம். வாடியதை முதலில் தின்றார். அதைத் தின்று முடிப்பதற்குள் அடுத்தது வாடியது. அந்த வாரம் முழுக்க அவர் புதுக் காயைக் கண்ணால் மட்டுமே பார்த்தார். காலையில் வெள்ளரி, மத்தியானம் பீட்ரூட், சாயங்காலம் கேரட். தூக்கத்தில்கூட மென்றார் என்று மனைவி பிறகு சொன்னாள். இதற்கிடையில் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் வழுக்கியது. துவைத்ததில் துணி இளகிவிட்டது என்று கோபித்துக்கொண்டு பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார்.

வாரம் முடிந்தது. லாரி ஹாரன் கேட்டதும் அவரே கீழே ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்து, மைத்துனனுக்கும் அவன் மனைவிக்கும் முன்னால் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தார்.

மைத்துனன் மூட்டைகளை உதறினான். பீரோவைத் திறந்தான், கட்டிலுக்கு அடியில் குனிந்தான், குப்பைக் கூடையையே கவிழ்த்துப் பார்த்தான். ஒரு இலை இல்லை, ஒரு காம்பு இல்லை.

"தோத்துட்டேன் அத்தான்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதம் தோற்றவர்களுடையது போல இல்லை. ஆனால் கிடங்குக்காரர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. நாற்காலியில் மெல்லச் சாய்ந்து, காலை நீட்டி, ஜன்னல் காற்றை ஒரு இழுப்பு இழுத்தார். வென்றவருக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து நீட்டிய மைத்துனன் மனைவியிடம் சொன்னார்: "பாவம், உங்க ஃபிரிட்ஜ் அங்கேயே கிடக்கட்டும்மா. வேற யாராவது சோம்பேறிக்குக் கொடுத்துடுங்க."

அவள் புரியாமல் விழித்தாள்.

"எந்த ஃபிரிட்ஜ்ண்ணே? அதைப் போன வருஷமே பழைய இரும்புக்குப் போட்டாச்சே. டாக்டர் சொல்லியும் நீங்க காயைத் தொடமாட்டேங்கிறீங்கன்னு அண்ணி அழுதாங்க, அதனாலதானே இவரு மூட்டையும் அளவு நாடாவும் எடுத்துட்டு வந்தாரு."