சிவப்புக்கார் ஆச்சியின் பின்சக்கரப் பிரேக்

காரைக்குடியில் பயம் என்பதே என்னவென்று தெரியாத ஒரே ஜீவன், எங்கள் பக்கத்து வீட்டுச் சிவப்புக்கார் ஆச்சிதான். அவருக்காகவும் சேர்த்து நாங்கள் பயந்துகொண்டோம்.

அந்தச் சிவப்புக் கார், அவருடைய தகப்பனார் மலேயாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, இரண்டே இருக்கை. அது கிளம்பினால் எங்கள் தெருக் காக்கைகள் அடுத்த தெருவுக்குக் குடிபோய்விடும். கிளம்புவதில் குறையே இல்லை, நிற்பதில்தான் வம்பு.

போன வருஷம் பிள்ளையார்பட்டி கோயில் வாசலில் நிற்க வேண்டிய கார், அதைத் தாண்டிப்போய் ஒரு தேங்காய்க் குவியலில் ஏறி நின்றது. ஆச்சி நிதானமாக இறங்கிக் கடைக்காரரிடம் சொன்னார்:

"நல்லவேளை, இங்குட்டுத் தேங்கா போட்டிருந்தீக!"

அன்றைக்கு அவர் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அது அபூர்வம். "பிரேக்கச் சரி பண்ணு. இல்லாட்டி வண்டிய வித்துருவோம்." அந்தக் காரில் ஒரு தடவைகூட ஏறாத மனிதர் அவர்.

ஊர் மெக்கானிக் கும்பிட்டுவிட்டார். "ஆச்சி, இது எங்கப்பாவுக்கு மூத்தது. நான் கை வைக்க மாட்டேன்."

"அப்ப நானே வைக்கிறேன்" என்றார் ஆச்சி.

மறுநாள் காலை கொட்டகையில் காரின் பின்பக்கம் ஜாக்கியில் ஏறியது. சக்கரத்தைக் கழற்றியாயிற்று. உள்ளே பிரேக்கை மூடியிருந்த இரும்பு டிரம்தான் வர மறுத்தது. ஆச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்தார். தெருவே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. டிரம் அசையவில்லை.

திண்ணையில் விரித்த பேப்பருக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. "ஹேண்ட் பிரேக்க எடுத்துவிட்டியா?"

சுத்தியல் நின்றது.

"இத மொதல்லயே சொன்னா என்ன?"

"நீ கேக்கலையே."

டிரம்மை உள்ளேயிருந்து இறுக்கிப் பிடித்திருந்த அந்த ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டதும் இரண்டே தட்டில் டிரம் கழன்று ஆச்சியின் மடியில் குழந்தை மாதிரி உட்கார்ந்தது. டிரம்மை அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூ தேய்ந்துபோயிருந்தது; அதைக் கழற்றும்போது ஒரு ஸ்பிரிங் பறந்தது. தெருவே தேடி, எங்கள் வீட்டு மாடியில் காய்ந்த வற்றலுக்கு நடுவே கண்டுபிடித்தோம்.

புது ஷூ மாட்டி, எண்ணெய் ஒழுகிய ரப்பரை மாற்றினார். பிரேக் எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, பெடலை மிதிக்க நான் அகப்பட்டேன்.

"அமுக்குங்க தம்பி!"

"அமுக்கிட்டேன் ஆச்சி!"

"அப்படியே பிடிங்க!"

எனக்குத் தும்மல் வந்தது. கால் நழுவியது. காற்று மறுபடி உள்ளே போனது. ஆச்சி என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த தும்மல் மூக்கிலேயே நின்றுவிட்டது.

சாயங்காலம் வேலை முடிந்தது. "ஓட்டிப் பாக்கணும். கூட யாரு வாரீக?" என்றார் ஆச்சி. அதுவரை நின்ற கூட்டத்தைக் காணவில்லை. நானும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து காரில் ஏறினார்.

"நீங்களா?"

"நிக்காட்டி, நானும் ஒங்கூடவே போறேன். எடு."

கார் தெருமுனை வரை பாய்ந்தது. கிறீச்சென்ற சத்தம்கூட இல்லாமல் நின்றது. பின்னாலேயே ஓடிப்போன எனக்கு அவர்கள் பேச்சு கேட்டது.

"நின்னுருச்சா?"

"நின்னு ரொம்ப நேரமாச்சு. கண்ணத் தெறங்க."

விற்கும் பேச்சு அதோடு போயிற்று. இப்போது இருவரும் தினமும் மாலையில் போகிறார்கள். திரும்பும்போது, பிரேக் பிடிக்கிறதென்று காட்டுவதற்காகவே ஆச்சி என் வாசலில் ஒரு நொடி நிறுத்திவிட்டுப் போவார். என்றைக்காவது அந்தக் கார்ச் சத்தம் கொஞ்சம் தாமதமானால், எனக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்வதில்லை. வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறேன்.