மரத்தடியில் ஒரு ஜோடி

"எண்ணெய்க் கொப்பரை வேதத்துல எந்த அதிகாரத்துலண்ணே வருது?" என்று பாஸ்டர் திலீபன் கேட்டதும் அறிவழகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தில் வைக்க, பரலோகமும் நரகமும் பீங்கானில் செய்து தருவதாக அவராகத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். விருத்தாசலத்துப் பொம்மைப் பட்டறைகளில் அச்சு எடுப்பதில் பேர்போனவர். நரகத் தட்டில் கொப்பரை, கொம்பு முளைத்த சாத்தான், அவன் உட்கார ஒரு சிம்மாசனம். பரலோகத் தட்டில் மேகமும் வீணையும்.

"கொப்பரை இல்லாத நரகமாங்க, பாஸ்டரய்யா? நான் படிச்ச கதையில எல்லாம் இருக்குதுங்களே!"

"கதை எழுதுறவங்க அவங்கவங்க அடுப்பங்கரையிலேருந்து எடுத்து வச்சிட்டாங்கண்ணே. வேதத்துல இருக்கறது அக்கினிக் கடல். சாத்தான் அங்க அதிகாரியும் இல்ல, அவனையே தூக்கி உள்ள போடுறாங்க. மொதல்ல சிம்மாசனத்த எடுங்க."

பதவி பறிபோன சாத்தான் கடலுக்குள் இறங்கினான். மேகமும் வீணையும் கலைந்து, முத்து வாசலும் பொன் வீதியும் ஜீவ நதியும் கரையில் ஒரு மரமும் வந்தன. அதுவரை அறிவழகனுக்கு வருத்தமில்லை. அப்புறம்தான் மரத்தடியில் கைகோத்து நின்ற இரண்டு பொம்மைகளை பாஸ்டர் உற்றுப் பார்த்தார்.

"இவங்க யாருண்ணே? புருஷன் பொண்டாட்டியா? அங்க கல்யாண உறவே கெடையாதுன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரே. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்து தொலைத்ததுதான் வினை.

போன வருஷம் அவர் மனைவி அன்பரசி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்று விடாமல் படித்தவள். "ஏங்க, கதையில வர்ற மாதிரி, அங்க போயும் நாம புருஷன் பொண்டாட்டியாத்தான் இருப்போமா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குடியா முழுகியிருக்கும்? அறிவழகன் வசனம் சொன்னார். அங்கே யாருக்கும் யாரும் சொந்தமில்லை, எல்லாரும் தேவதூதர்கள் மாதிரி என்று விளக்கவுரையும் கொடுத்தார். அன்பரசி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் தோள் குலுங்கியது. மறுநாள் போய்விட்டாள்.

பாவி மனிதருக்கு அன்றிலிருந்து நிம்மதியில்லை. உயிரோடு இருந்தவளிடம் கேட்காத மன்னிப்பைத்தான் மண்ணில் பிசைந்து அந்த மரத்தடியில் நிற்க வைத்திருந்தார்.

"புருஷன் பொண்டாட்டி இல்லீங்கய்யா, அண்ணன் தங்கச்சி" என்று பாஸ்டரிடம் துணிந்து புளுகினார்.

"அப்படின்னா கைய வுடச் சொல்லுங்க."

ஈரம் காயாத பொம்மைகள். கையைப் பிரித்து, அவளை நதிக்கு அந்தக் கரையில் வைத்தார். பட்டறையில் பொம்மைகளுக்குக் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சு பூசும் திரௌபதி வந்து எட்டிப் பார்த்தாள். அன்பரசிக்கு உயிர்த்தோழி, ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்திருந்தவளும் அவள்தான்.

"என்னாண்ணே இது, மோட்சத்துக்குப் போயும் சண்டையா? ஆளுக்கொரு கரையில நிக்கிறாங்க! ஐயோ, இது மூஞ்சி நம்ம அன்பரசி அக்கா மூஞ்சி இல்ல?"

முகம் காட்டிக் கொடுக்கிறதே என்று அவளை மரத்துக்குப் பின்னால் மறைத்தார். இப்போது கணவனைக் கண்டு பயந்து ஒளிந்துகொண்டவளாகத் தெரிந்தாள். அதற்கும் மனம் கேட்கவில்லை. கடைசியில், அவளை மட்டும் தனிப் பொம்மையாகச் சுட்டு வைத்துக்கொண்டு, பண்டிகையன்று பாஸ்டர் ஜெபத்தில் கண்ணை மூடும்போது மரத்தடியில் வைத்துவிடுவது என்று முடிவு செய்தார். சூளையில் இடம் போதவில்லை. இரண்டு தட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அவளை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

சூளை ஆறித் திறந்தபோது பரலோகம் பளபளவென்று வந்திருந்தது. அன்பரசியைத்தான் காணோம். பக்கத்துத் தட்டைப் பார்த்தார். அவள் சூட்டில் சாய்ந்து, உருகிய கிளேஸில் ஒட்டி, அக்கினிக் கடலில் சாத்தானின் தோளைப் பிடித்தபடி நின்றாள். ஒட்டியது ஒட்டியதுதான், உடைத்தால்தான் பிரியும்.

அறிவழகன் அப்படியே தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். திரௌபதி பதறிப்போய் ஓடி வந்தாள்.

"பொம்ம தானண்ணே, வேற ஒண்ணு செஞ்சிக்கலாம். இதுக்குப் போயி..."

"பொம்மைக்கா அழுவுறேன்? சாவப் போறவ ஆசையா ஒரு வார்த்த கேட்டா, திரௌபதி. அங்கயும் ஒண்ணா இருப்போமான்னு கேட்டா. கெடையாதுன்னு வசனத்த எடுத்துப் போட்டு மனச ஒடச்சிட்டேன். அழுதுகிட்டேதான் போயிருப்பா. இப்ப என் கையாலயே நரகத்துலயும் தள்ளிட்டேன்."

திரௌபதி சேலைத் தலைப்பைத் திருகினாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவரையே பார்த்தாள்.

"அக்கா அழுதாங்கன்னு யாருண்ணே சொன்னது?"

"நான்தான் பாத்தேனே. தோளு குலுங்கிச்சே!"

"அது சிரிப்புண்ணே. நீங்க டீ வாங்கப் போனதும் என் கையப் புடிச்சிக்கிட்டு, 'வேதத்துலயே இருக்குதாம்டி, அங்க போயும் இந்த மனுஷனுக்கு ஆக்கிக் கொட்ட வேணாமாம், இனிமே நிம்மதியா சாவேன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."