சொரசொரப் புல்லும் எட்னாவின் தீர்ப்பும்

மேல்பண்ணை, சனி மாலை

அன்புள்ள தங்கை வின்னிக்கு அண்ணன் கத்பர்ட் எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை கிளிஃபோர்டும் நலம் என்றே நம்புகிறேன்.

இன்று ஊர்க் கண்காட்சியில் "ஒரு ஜாடியில் ஆறு புற்கள், பெயருடன்" போட்டிக்கு நான் வைத்த ஜாடியை, நடுவராக வந்த பக்கத்துப் பண்ணை எட்னா "விதிப்படி இல்லை" என்று அட்டை வைத்துத் தள்ளிவிட்டாள். நான் சொரசொரப் புல் என்று எழுதிய தண்டு வழவழப் புல்லாம். இரண்டுக்கும் இலை நுனி படகு மூக்குதான், உனக்கே தெரியும். ஆனால் தண்டைச் சுற்றிய இலையுறையை மேலுதட்டில் வைத்து இழுத்தால் சொரசொரப் புல் உரசும், மற்றது வழுக்கும். நான் ஆறு தடவை இழுத்தேன், ஆறு தடவையும் உரசியது. அவளோ லென்ஸை எடுத்து, இலை தண்டோடு சேரும் இடத்து வெள்ளைச் சவ்வைக் காட்டி, "குட்டையா மழுங்கி இருக்கு பாரு. நீ சொல்ற புல்லுன்னா நீளமா, கூரா இருக்கணும்" என்றாள். "சவ்வு கிழிஞ்சிருக்கும்" என்றேன். "புல்லுக்கு வக்காலத்து வாங்க வந்தவன் மூஞ்சியையாவது மழிச்சிட்டு வந்திருக்கலாம்" என்றாள், எல்லார் முன்னாலும். புல் அறுத்துக் காயப்போடும் வாரத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் எவன் சவரம் செய்கிறான்? எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். என் மனைவி மேபல் இறந்துபோன இந்த ஏழு வருஷமாக வியாழக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு எட்னா வீட்டில்தான்.

அதோடு விட்டேனா, தண்டை எடுத்துக்கொண்டு பப்புக்குப் போனேன். வயலிலிருந்து நேராக வந்திருந்த ஏழு பேரும் ஆளுக்கொரு தடவை இழுத்துப் பார்த்து, "சொரசொரன்னுதாம்ப்பா இருக்கு" என்றார்கள். கடைக்காரி டில்லி மட்டும் "வெண்ணெயா வழுக்குதே" என்றாள். பெண்கள் எட்னா பக்கம்தான் பேசுவார்கள். ஆகவே பள்ளியில் தாவரவியல் நடத்துபவள் என்ற முறையில் நீ எட்னாவைக் கண்டித்து ஒரு கடிதம் எழுத வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. கடவுள் உங்கள் ஊருக்கும் கொஞ்சம் வெயில் தரட்டும்.

உன் அண்ணன்,
கத்பர்ட்

பி.கு.: ஞாயிறு காலை. கடித உறையை ஒட்டிவிட்டதால் அதன் முதுகில் எழுதுகிறேன். தேவாலயத்துக்குப் போக முகம் மழித்தேன். மழித்த கையோடு தண்டை மறுபடி உதட்டில் இழுத்தேன். வழுக்கியது. எட்னாவுக்கு எதுவும் எழுதாதே. அவள் சொன்னதுதான் சரி. வியாழக்கிழமையை நினைத்தால் மனசு கலங்குகிறது. நானே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், வாய் வரவில்லை. எங்கள் தபால்காரர் உறை மேல் இருப்பதை ஒன்றுவிடாமல் படிப்பவர், என் வீட்டுக்கு அடுத்து அவர் நிற்பது எட்னா வீட்டில். அதனால்தான் இதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.