இசக்கிமுத்து பிடித்த ஆன்டெனா

இந்த மாதத்தோடு கேபிள் இணைப்பு இந்த வீட்டில் கிடையாது என்று இசக்கிமுத்து அறிவித்தார். சண்முகவடிவு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

அவரே தொடர்ந்தார். மகன் ஹரி வாங்கிக் கொடுத்த புது டிவிக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது. கடற்கரைப் பக்கம் நிற்கும் ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து டிஜிட்டல் அலை காற்றில் சும்மா வருகிறது. மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனா கட்டினால் போதும். அரசாங்க சேனல்கள் தாமாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். செய்தி கேட்கலாம். விவசாயம் பார்க்கலாம். ஆறரை மணியிலிருந்து வரிசையாக நின்று அழுகிற பெண்களை இனிமேல் பார்க்க வேண்டியதில்லை.

"சரி," என்றாள் சண்முகவடிவு. "ஆனா தெரியணும்லா? ஞாயித்துக்கிழமைக்குள்ள தெரிஞ்சா கேபிளை அறுத்துப்போடுங்க. தெரியலன்னா அந்தப் பேச்சையே எடுக்கப்பிடாது. ரிமோட்டும் என் கையில."

"ரிமோட் இப்பவும் உன் கையிலதான இருக்கு?"

"இது சும்மா இருக்கது. நான் சொல்லுதது காலத்துக்கும்."

ஒப்புக்கொண்டார். தியாகராய நகர் ஜவுளிக்கடையில் முப்பத்தெட்டு வருஷம் சேலை விரித்துப் போட்டவர். பெண்கள் 'வேண்டாம்' என்றால் இன்னும் பத்துச் சேலை எடுக்கச் சொல்கிறார்கள். 'சரி' என்றால் எழுந்து எதிர்க்கடைக்குப் போகப் போகிறார்கள். கடைக்குள் இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வீடிருக்கும் மந்தைவெளிக்குப் பஸ் ஏறியதும் மறந்துவிடும்.

ரிச்சி தெருவில் ஆன்டெனா வாங்கினார். கடைக்காரர் ஒரு விஷயம் சொன்னார். பழைய காலம் மாதிரி புள்ளி புள்ளியாக, நிழல் நிழலாகப் படம் வராது. வந்தால் முழுசாக வரும். இல்லாவிட்டால் இருட்டு. நடுவில் ஒன்றும் கிடையாது. இசக்கிமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம் தெரிந்தால்தானே இன்னும் கொஞ்சம் திருப்பலாம்? இருட்டோடு எப்படிப் பேரம் பேசுவது?

புதன்கிழமை மாலை குழாயைத் தண்ணீர்த் தொட்டியோடு கட்டினார். ஒயரை வெளிச்சுவர் வழியாக முதல் மாடிக்கு இறக்கி, ஜன்னலில் நுழைத்தார். டிவிக்குப் பின்னால் குனிய இடுப்பு சம்மதிக்கவில்லை. ஒயரைச் செருகுவதைச் சண்முகவடிவு பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவர் மறுபடி மூன்று மாடி ஏறி, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குழாயைத் திருப்பினார்.

"ஏட்டி, தெரியுதா?"

"இல்ல," என்றது சட்டைப்பை.

சாந்தோம் பக்கம் திருப்பினார். இல்லை. அபிராமபுரம் பக்கம். இல்லை. அடையாறு ஆற்றைக் காட்டினார். ஆகாயத்தைக் காட்டினார். காக்கைக்கு நேராகக்கூட ஒருமுறை காட்டிப் பார்த்தார். காக்கை பறந்தது. படம் வரவில்லை.

மூன்றாம் மாடி டில்லிபாபு தொட்டியில் தண்ணீர் பார்க்க வந்தார். நொச்சிக்குப்பத்தில் சொந்தப் படகு உள்ளவர். அவர் மனைவி காவேரிக்கு மார்க்கெட்டில் மீன் கடை.

"இன்னா நைனா, வானத்துல தூண்டி போட்டுக்கினு கீறே?"

விஷயத்தைக் கேட்டார். சிரிக்கவில்லை. குழாயைப் பிடித்து ஒரே திருப்பாக வடக்கே திருப்பினார்.

"டவர் அந்தாண்ட கீது. கடல்லேர்ந்து வரச்சொல்ல லைட் ஹவுஸும் அதுவும் கண்ணுல பட்டாத்தான் வூட்டுக்கு வழி புரியும். கண்ணக் கட்டினு கூட காட்டுவேன்."

திசை சரி. அதில் சந்தேகமே இல்லை. இசக்கிமுத்து சட்டைப்பையைக் குனிந்து கேட்டார்.

"இப்ப?"

சட்டைப்பை கொஞ்ச நேரம் யோசித்தது. "இல்லியே."

அவர் ஆத்திரத்தில் குழாயை இறுகப் பிடித்தார். அப்போது மணி ஆறரை.

"ஏங்க, வந்துட்டு! அசையாதிய."

அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கையை எடுத்தார்.

"போயிட்டு," என்றாள்.

பிடித்தார். வந்துவிட்டதாம். விட்டார். போய்விட்டதாம். என்ன தெரிகிறது என்று கேட்டார். ஒரு ஆள் வெண்டைச் செடிக்கு உரம் வைக்கிறான், அவன் மீசையில் இருக்கிற ஒற்றை நரைமுடிகூடத் தெரிகிறது என்று சொன்னாள். இசக்கிமுத்து அரைமணி நேரம் அசையவில்லை. கொசு கடித்தது. விட்டுவிட்டார், கொசுவை. ஏழு மணிக்குச் சட்டைப்பை, இன்றைக்கு இது போதும், இறங்கி வரலாம் என்றது. வந்து பார்த்தால் திரை இருட்டாக இருந்தது.

"நீங்க இறங்கிட்டியல்லா? அதான் போயிட்டு."

வியாழக்கிழமை அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். தன் கைக்குப் பதில் குழாயில் ஈரத்துண்டைச் சுற்றினார். வரவில்லை. செம்பைக் கட்டினார். வரவில்லை. அவருடைய பனியனை மாட்டிப் பார்த்தார். கிட்டத்தட்ட வந்து போனதாகத் தகவல் கிடைத்தது. கிட்டத்தட்ட வராது என்றுதானே கடைக்காரர் சொன்னார்? அவருக்குக் குழப்பம். டில்லிபாபுவைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார். கடலில் வலை இழுத்த கை. அதற்கும் வரவில்லை. இவர் பிடித்தார். பளிச்சென்று வந்ததாம்.

"உங்க ஒடம்புக்குத்தான் வருது," என்றாள் சண்முகவடிவு.

அவர் குழம்பினார். கொஞ்சம் பெருமையும் பட்டார். ரத்தத்தில் சர்க்கரை இருப்பதால் அலை இழுக்கிறதோ என்று டில்லிபாபுவிடம் கேட்டார். எறும்பு இழுக்கும், அலை இழுக்குமா என்று அவருக்கும் தெரியவில்லை. கடல் அலை என்றால் சொல்லலாம். வெள்ளிக்கிழமையும் ஆறரையிலிருந்து ஏழு வரை நின்றார். நடுவில் தூறியது. குடை பிடித்தால் ஒரு கை போய்விடும். நனைந்தார்.

சனிக்கிழமை ஒரு கேள்வி உதித்தது.

"இன்னைக்கு என்னட்டி தெரியுது?"

"வெண்டைக்காதான்."

"நாலு நாளாவா வெண்டைக்கா?"

"பெரிய தோட்டம்."

இரவு படுத்தும் அந்தத் தோட்டம் கண்ணுக்குள் வந்தது. ஒரு ஏக்கர் என்றால் எவ்வளவு உரம்? நாலு நாள் ஒரே ஆள் வைப்பானா? கூலிக்கு ஆள் கிடைக்காதா?

ஞாயிறு ஆறரைக்கு மேலே போனார். குழாயைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்றார். அவ்வளவுதான்.

"தெரியுதா?"

"அருமையா தெரியுது. அசையாதிய."

இரண்டடி தள்ளி நின்றார். தெரிந்தது. படிக்கட்டுக்கு வந்தார். இன்னும் நன்றாகத் தெரிந்தது. மூன்றாம் மாடி நடையில் நின்று கேட்டார். கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றாள். இரண்டாம் மாடி. அப்படியே பிடித்துக்கொள்ளச் சொன்னாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இப்ப?"

"இந்த மாதிரி என்னைக்குமே வரல," என்றாள். அந்தக் குரல் அவருக்குச் சட்டைப்பையிலிருந்தும் வந்தது, கூடத்திலிருந்தும் வந்தது.

கூடத்தில் சண்முகவடிவு காலை நீட்டிச் சோபாவில் இருந்தாள். மடியில் முறுக்கு. திரையில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். வெண்டைச் செடி கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை.

இசக்கிமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் குனிந்தார். ஆன்டெனா ஒயரின் நுனி ரப்பர் பேண்டு போட்டு, அழகாகச் சுருட்டி, ஆணியில் மாட்டியிருந்தது. ஐந்து நாளாக அது டிவியைத் தொடவே இல்லை. செருகினார். ரிமோட்டை எடுத்து அமுக்கினார். படம் வந்தது. முழுசாக வந்தது. மொட்டை மாடியில் குழாயை யாரும் பிடிக்காமலே வந்தது.

"ஒரு கேபிளுக்காக என்னை மழையில நிக்க வச்சிட்டியேட்டி."

"கேபிள் யாருக்கு வேணும்?" என்றாள் சண்முகவடிவு. முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. "நீங்க பக்கத்துல உக்காந்தா ஒரு வசனம் காதுல விழுதா? அவ புருஷன் செத்து அழுதுகிட்டு இருக்கா. நீங்க, அது பட்டில்ல, ஆர்ட் சில்க், முந்தி மட்டும்தான் ஜரிகைங்கிய. நாலு நாளு நிம்மதியா பாத்தேன். அதுக்குத்தான்."

ஆர்ட் சில்க்கை ஆர்ட் சில்க் என்று சொல்வது தப்பா? ஆனால் அவள் சண்டைக்கு நிற்கவில்லை. சொன்ன கெடுவுக்குள் படம் வந்துவிட்டது, சொன்ன சொல் சொல்தான், நாளைக்கே கேபிளை அறுத்துவிடலாம் என்று எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். இத்தனை லேசாக ஜெயித்து அவருக்குப் பழக்கமில்லை. எங்கேயோ இடித்தது. எங்கே என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை கேபிள் போனது. மாலை ஆறரைக்கு இசக்கிமுத்து சோபாவின் நட்டநடுவில் உட்கார்ந்தார். கையில் ரிமோட். செய்தி வந்தது. விவசாயம் வந்தது. சத்தமில்லை, அழுகையில்லை, குறுக்கே பேச ஆளில்லை. படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஏழேகாலுக்குச் சர்க்கரை மாத்திரை போட்டார். மாத்திரை போட்ட கால் மணி நேரத்தில் சாப்பிட வேண்டும். டாக்டர் உத்தரவு. அடுக்களைக்குப் போனார். பாத்திரங்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஒன்றை நிமிர்த்திப் பார்த்தார். காலி. அடுத்ததையும் நிமிர்த்தினார். அது நிமிர்ந்தும் காலி. சோறும் இல்லை, சண்முகவடிவும் இல்லை.

போன் போட்டார். மூன்றாம் மாடியிலிருந்து பதில் வந்தது. காவேரி வீட்டில் இருக்கிறாளாம். அவள் வீட்டில் கேபிள் இருக்கிறதாம். ஒன்பது வரை அங்கேதானாம். சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுபோய்விட்டாளாம். தினமும் இனி இப்படித்தானாம். குரலை ரொம்பத் தாழ்த்திச் சொன்னாள். முக்கியமான கட்டம் போலிருக்கிறது.

இசக்கிமுத்து இரண்டு மாடி ஏறினார். டில்லிபாபு வீட்டுக் கூடத்தில் விளக்கை அணைத்திருந்தார்கள். காவேரியும் சண்முகவடிவும் டிவிக்கு நேரே பாயில் இருந்தார்கள். டில்லிபாபு கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வாய்மேல் விரல் வைத்தபடி இருந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தது. அதன்மேல் தட்டு. தட்டில் நாலு இட்லி, சட்னியோடு.

சண்முகவடிவு திரும்பிப் பார்க்கவில்லை.

"உக்காந்து சாப்பிடுங்க. அடுத்தவுக வீடு. பேசப்பிடாது."

இசக்கிமுத்து பேசாமல் சாப்பிட்டார். பேசாமல் பார்த்தார். மறுநாள் ஆறேகாலுக்கே மூன்றாம் மாடிக்குப் போய்விட்டார், கதவோரம் உட்கார்ந்தால் சரியாகத் தெரியவில்லை என்று.