கொலம்பியா மாமிக்கு வைச்ச டியூஷன்

லண்டனில இருக்கிற தமிழ்ச் சனம் முழுக்க ஒருநாள் தங்கட சொந்தக்காரரை மறந்துபோனாலும் ஒண்டும் கெட்டுப்போகாது. இல்ஃபோர்டில எங்கட பிளாட்ஸ் மேல்மாடிக்குப் போய்க் கொலம்பியா மாமியைக் கேட்டால் போதும். ஆர் ஆருக்கு என்ன முறை, ஆரோட ஆர் கதைக்கிறேல்லை எல்லாம் சொல்லுவா.

கொலம்பியாவில இருந்து வந்த, ஸ்பானிஷ் கதைக்கிற, எண்பதைத் தாண்டின மனுசி. ஆஸ்பத்திரி லோண்டரியில எங்கட பெண்டுகளோட காலமெல்லாம் துணி மடிச்சவ. துணியோட யாழ்ப்பாணத் தமிழும் கையில வந்திட்டுது. ஆரும் புதுசாக் குடிவந்தால் முதல் கேள்வி, "ஊரில எந்த இடம்?" எங்களை விட மோசம்!

ஓரிடத்தில இருக்கமாட்டா. நான் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வர, பல்கனிப் பூக்கண்டுக்குத் தண்ணி விட்டிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிப்பா. லிஃப்டும் ஆகாது. "லிஃப்டில கதை தொடங்க முந்தி இறங்கிப் போயிடுவினம், பிள்ளை" எண்டு படியாலதான் ஏறி இறங்குவா.

என்ர மகளின்ர பிறந்தநாளுக்கு ரெண்டு பெண்டுகளை ஒரு மேசையில இருத்தப் போனன். மாமி ஓடிவந்து என்ர கையைப் பிடிச்சா. "விசரோ உனக்கு? காணிப் பிரச்சினையில அவையள் முகம் பாத்தே கனகாலம்!" ஒருத்தியைக் கேக்குக்குப் பக்கத்திலயும் மற்றவவை வாசலடியிலயும் இருத்தினபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

என்ர மனுசன் ராசன் செத்தபிறகு, ஆறுதல் சொல்ல வந்தவை ரெண்டு கிழமையில கதையை மாத்திட்டினம். மாமி மட்டும் படியில காணேக்கை எல்லாம் அவரைப் பற்றி ஏதாவது சொல்லுவா. "மழை பெய்யுது பார். ராசன் எண்டால் குடையை வீட்டில வைச்சிட்டு, ஷொப்பிங் பையைத் தலையில கவிட்டுக்கொண்டு போவான்."

இப்பிடி இருக்க, மட்ரிட்டில இருக்கிற மாமியின்ர மகள் ஒருநாள் போன் எடுத்தா. அடுப்பில கறி. "பொறு பிள்ளை, அடிப்பிடிக்குது!" எண்டு மாமி தன்னை மறந்து தமிழில கத்திப்போட்டா. மகளுக்கு ஒண்டும் விளங்கேல்லை. அம்மாவுக்கு மூளை குழம்பிட்டுது, இனித் தனிய விடேலாது எண்டு முடிவெடுத்திட்டா. ஞாபகசக்திக் கிளினிக்கில சோதினை. பெயில் எண்டால் மகளோட மட்ரிட்டுக்குப் போகவேணும்.

மாமி என்ர வீட்டு வாசலில வந்து நிண்டா. "அங்க எனக்கு ஆரைப் பிள்ளை தெரியும்?"

சோதினை எண்டு காதில விழுந்தால் எங்கட சனத்துக்கு வேறை என்ன தெரியும்? டியூஷன்தான்! பள்ளிக்கூட இலெவன் பிளஸ் சோதினைக்குப் பிள்ளையளை வறுத்தெடுக்கிற அதே வெறியோட இறங்கினம். அங்க கேக்கிற மாதிரி நூறிலயிருந்து ஏழேழாய்க் கழிக்கப் பழக்கக் கீழ்வீட்டுக் கணக்கு ரீச்சர். நாள், மாதம், பிரதம மந்திரிக்கு நான். விடையளை வரிசையாப் பாடமாக்கவைச்சுத்தான் விட்டம்.

அண்டைக்கு நானும் கூடப் போனன். நேர்ஸ் சிரிச்சுக்கொண்டு, "உங்கட முழுப்பேர் என்ன?" எண்டா.

"தொண்ணூற்றிமூண்டு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது!"

நேர்ஸ் பேனையை எடுத்தா. "இப்ப எங்க இருக்கிறீங்கள்?"

"புதன்கிழமை!"

பாழாய்ப்போன டியூஷன்! "மாமி, கேள்வியை வடிவாக் கேட்டிட்டுச் சொல்லுங்கோ!" எண்டு கத்திப்போட்டன். நேர்ஸ் என்னை ஒரு பார்வை பாத்தா.

பிறகு பீட்டர் எண்டு ஒரு பேரும் விலாசமும் சொல்லி, ஞாபகத்தில வைக்கச் சொன்னா. கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்டா. மாமி கதிரையை விட்டு எழும்பி, அறைக்குள்ள நடந்துகொண்டே ஒரு எழுத்துப் பிசகாமச் சொன்னா. சொல்லிப்போட்டு, "பீட்டர் தனியவோ இருக்கிறார்? பெண்சாதி எங்க?"

"அப்பிடி ஒருத்தர் இல்லை, அம்மா."

"அதெப்பிடி? வீட்டு நம்பரே இருக்குது!" மாமி கிட்டப்போய் நேர்ஸின்ர முகத்தை வடிவாப் பாத்தா. "உங்களைத் தெரியும். குளிர்காலத்தில எனக்கு ஊசி போட்டனீங்கள். அம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேசன் எண்டு சொன்னனீங்கள். இப்ப நடக்கிறாவோ?"

நேர்ஸ் பேனையை வைச்சிட்டா. "நடக்கிறா. ஆரும் என்னட்டை அதைக் கேக்கேல்லை" எண்டா மெதுவா.

பிறகு, முதல் பிழைச்ச ரெண்டையும் சேர்த்துத் திருப்பிக் கேட்ட எல்லாத்துக்கும் மாமி டக்குடக்கெண்டு விடை சொன்னா. பாஸ். மட்ரிட் கதை அதோட முடிஞ்சுது. "இந்த வயசில இப்பிடி ஞாபகம்! என்ன சாப்பிடுறவ?" எண்டு நேர்ஸ் என்னைக் கேட்டா. அதுக்குள்ள மாமி வெளியில, ஆரோ ஒரு கிழவரிட்டை எந்த ஊர் எண்டு விசாரிச்சுக்கொண்டு நிண்டா.

பஸ் ஸ்டொப்பில மழை. ரெண்டு பேரிட்டையும் குடை இல்லை. மாமி ஹாண்ட்பாக்குக்குள்ள கிடந்த ஷொப்பிங் பையை எடுத்து என்ர தலையில கவிட்டா. எனக்கு அழுகை வெடிச்சிட்டுது.

"ஏன் அழுறாய்? சோதினை செய்தது நானெல்லோ!"

"ராசனைப் பற்றி இன்னும் ஏதாவது சொல்லுங்கோ, மாமி" எண்டன்.

பஸ் வந்தது. ஓரிடத்தில நிக்கத் தெரியாத மனுசி, பஸ்ஸையும் போகவிட்டிட்டு, நிண்ட இடத்திலயே நிண்டு சொன்னா.